செஷன் லாக்: அமர்வா, நடையா?

வணக்கம்.

தீச்சுவர் (ஃபயர்வால்: வலையமைப்பில் எந்தத் தரவு போகலாம், வரலாம் என்று தீர்மானிக்கும் காவல் அமைப்பு) மேலாண்மை மென்பொருளைத் தமிழாக்கும்போது 'டிராஃபிக் செஷன் லாக்' என்பதைப் 'போக்குவரத்து அமர்வுப் பதிவு' என்று எழுதலாம் என ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. மூன்றுமே அகராதியில் உள்ள சொற்கள்தான். என் பார்வையில் முதல் சொல் மட்டும் இந்த இடத்துக்குப் பொருந்துகிறது. நடுச்சொல் தவறான பொருளைக் காட்டுகிறது, கடைசிச் சொல்லின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. நாள் முழுக்க இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திரையில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பாருங்கள். நேரம் 10:42:07. அனுப்புநர் 10.1.4.22, போர்ட் (கணினிக்குள் எந்தச் சேவை என்று காட்டும் எண்) 51544. பெறுநர் 203.0.113.9, போர்ட் 443. நெறிமுறை (தரவைக் கொண்டுசெல்லும் விதிமுறை) டிசிபி. நடவடிக்கை: அனுமதி. போனவை 3 பொதிகள் (பாக்கெட் எனும் தரவுத் துண்டுகள்), 198 பைட்டுகள். வந்தவை 0. கடைசிக் கட்டத்தில், அது ஏன் முடிந்தது என்பதற்கான காரணம்: காலாவதி.

கண்காணிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் 'அனுமதி' என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். தீச்சுவர் விட்டுவிட்டது, அப்புறம் என்ன என்ற எண்ணம். ஆனால் அந்த வரி சொல்வதே வேறு. டிசிபியில் இரு முனைகளும் பேசத் தொடங்குவதற்கு மூன்று படிகள் உண்டு. அனுப்புநர் 'சின்' (பேசலாமா என்ற கோரிக்கை) அனுப்ப வேண்டும், எதிர்முனை 'சின்-ஆக்' (சரி என்ற பதில்) திருப்ப வேண்டும், அதற்கு அனுப்புநர் 'ஆக்' (கிடைத்தது என்ற ஒப்புதல்) சொல்ல வேண்டும். இங்கே முதல் படியே மூன்று முறை தட்டிப் பார்த்திருக்கிறது, கதவு திறக்கவில்லை. எதிர்முனைச் சேவையகம் படுத்திருக்கலாம். வழியில் இன்னொரு தீச்சுவர் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். பதில் பொதி வேறு பாதையில் திரும்பி, நம் தீச்சுவரின் கண்ணில் படாமலே போயிருக்கலாம். சேவையகம் உயிரோடு இருந்து அந்தப் போர்ட் மட்டும் மூடியிருந்தால், காலாவதிக்குப் பதிலாகப் பெரும்பாலும் 'எதிர்முனை துண்டித்தது' என்ற காரணம் வந்திருக்கும். ஆக, அனுமதி என்பது தீச்சுவர் எடுத்த முடிவு மட்டும்தான். வேலை நடந்ததா என்று தெரிந்துகொள்ள மற்ற கட்டங்களைப் படிக்க வேண்டும்.

இதனால்தான் 'போக்குவரத்து' என்ற சொல்லை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன். போக்கும் வரத்தும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மேலே உள்ள வரியில் போக்கு இருக்கிறது, வரத்து இல்லை. அட்டவணைத் தலைப்பில் 'அனுப்பப்பட்ட பைட்டுகள்', 'பெறப்பட்ட பைட்டுகள்' என்று நீட்டாமல் 'போக்கு', 'வரத்து' என்று இரண்டே சொல்லில் முடிக்கலாம். 'பெறப்பட்ட' என்றால் யார் பெற்றது, தீச்சுவரா பயனரா என்ற குழப்பமும் வராது.

இனி அமர்வு. ஒருவர் கணினி முன் உட்கார்ந்து உள்நுழைந்து வேலை பார்த்துவிட்டு வெளியேறுகிறாரே, அதற்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். அங்கே அதை மாற்றச் சொல்லவில்லை. தீச்சுவர் கணக்கில் வைத்திருப்பது வேறொன்று. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருபுறப் போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தும் ஒன்றாக இருக்கும் பொதிகளைச் சேர்த்து, போவதையும் அதற்குப் பதிலாக வருவதையும் ஒரே இழையாகக் கட்டி வைக்கிறது. அங்கே யாரும் அமர்வதில்லை. ஒரே இணையப் பக்கத்தைத் திறப்பதற்கே இப்படிப் பல இழைகள் எழுந்து மறையும்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'அமர்வு முடிவு'. தமிழில் முடிவு என்றால் முற்றுப்பெறுவதும் உண்டு, தீர்மானம் எடுப்பதும் உண்டு. நீதிமன்றச் செய்திகளில் 'இரு நீதிபதிகள் அமர்வு' என்று தினமும் படிக்கிற கண், 'அமர்வு முடிவுக் காரணம்' என்ற தலைப்பைப் பார்த்தால் தீர்ப்புக்கான காரணம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வேறெங்காவது என்றால் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடலாம். இங்கே விட முடியாது, ஏனென்றால் தீச்சுவர் உண்மையிலேயே ஒரு தீர்மானமும் எடுக்கிறது. அனுமதி, மறுப்பு என்ற கட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. 'மறுப்பு' என்பதற்கு அருகில் 'முடிவுக் காரணம்' என்று போட்டால் படிப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்.

'இணைப்பு' என்று சொல்லிவிடலாமே என்பது இன்னொரு கருத்து. லினக்ஸின் தீச்சுவர்ப் பகுதியான நெட்ஃபில்டரும் 'கனெக்‌ஷன் டிராக்கிங்' என்றுதான் சொல்கிறது, உண்மை. ஆனால் டிசிபி போன்ற இன்னொரு நெறிமுறையான யுடிபியில் இணைப்பு என்று ஒன்று கிடையாது. 'பிங்' போன்றவற்றுக்குப் பயன்படும் ஐசிஎம்பியிலும் கிடையாது. ஒரு டிஎன்எஸ் கேள்வி (இணையதளப் பெயருக்கான முகவரி என்ன என்பது) போகிறது, பதில் வருகிறது, அவ்வளவுதான். அதற்கும் தீச்சுவர் ஒரு வரி திறந்து, ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, சற்று நேரம் எதுவும் வராவிட்டால் மூடிவிடுகிறது. இல்லாத இணைப்பை 'இணைப்பு மூடப்பட்டது' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. 'ஓட்டம்' நல்ல சொல்தான். ஆனால் அதை 'ஃபுளோ'வுக்கு வைத்துக்கொள்வோம். வலையமைப்புப் போக்குவரத்தைக் கணக்கெடுக்கும் நெட்ஃபுளோ, ஐபிஃபிக்ஸ் போன்றவற்றில் அது பொதுவாக ஒருதிசைக் கணக்கு. தீச்சுவரில் போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் சேர்ந்தால்தான் ஒரு செஷன்.

என் முன்மொழிவு 'நடை'.

'ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா' என்கிறோம். போவதோடு திரும்பி வருவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. 'லாரி இன்று மூன்று நடை அடித்தது' என்றால் எண்ணிக்கையும் வந்துவிடுகிறது. அதோடு நடை திறப்பது, நடை சாத்துவது என்று தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் வினைகள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. செஷனுக்கு வேண்டிய மூன்று குணங்களும் ஒரே ஈரெழுத்துச் சொல்லில் கிடைக்கின்றன: இருவழி, எண்ணத்தக்கது, திறப்பும் மூடலும் உடையது. கூட்டுச்சொற்களும் முரண்டு பிடிப்பதில்லை: நடை எண், நடை அட்டவணை, நடைத் திறப்பு, நடை மூடல், நடை மறுப்பு. முடிந்ததற்கான காரணத்தை 'மூடல் காரணம்' என்று எழுதினால் முடிவு என்ற சொல்லே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

நடை என்றால் நடப்பது, எழுத்தாளரின் மொழிநடை என்றெல்லாம் பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் தீச்சுவர்த் திரையில் யாருடைய மொழிநடையும் வரப்போவதில்லை. அமர்வு விஷயத்தில் குழப்பம் அதே திரைக்குள், பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. அந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன்.

சரி, பதிவு. கணக்குப் பதிவு, ஒலிப்பதிவு, வலைப்பதிவு, முன்பதிவு என்று அந்தச் சொல் எல்லா இடத்திலும் இருக்கிறது. இதே மென்பொருளில் புதிய தீச்சுவரை மேலாண்மை அமைப்பில் சேர்ப்பதற்கும் 'சாதனப் பதிவு' என்று போட்டிருக்கிறோம். ஆகவே லாக் என்பதற்கு ஒரு வரியானால் 'குறிப்பு', மொத்தத் தொகுப்பானால் 'குறிப்பேடு'. நடைக்குறிப்பு, நடைக்குறிப்பேடு.

நடை வேறு, குறிப்பு வேறு என்ற இந்தப் பிரிவினை வெறும் சொல்லழகுக்காக அல்ல. பல தீச்சுவர்களில் நடை மூடும்போதுதான் குறிப்பு எழுதப்படும். திறக்கும்போதும் எழுதச் சொல்லலாம், ஆனால் குறிப்பேட்டின் அளவு எகிறிவிடும் என்பதால் பொதுவாக அதைச் செய்வதில்லை. விளைவு என்ன? நள்ளிரவில் ஒரு கணினி வெளியே கோப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்று சந்தேகம். குறிப்பேட்டில் தேடுகிறீர்கள், ஒன்றும் இல்லை. அந்த நடை இன்னும் மூடவில்லை, அதனால் குறிப்பும் இல்லை. அது நடை அட்டவணையில், தீச்சுவரின் நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. லினக்ஸ் நெட்ஃபில்டரில் நிலைபெற்ற டிசிபி இணைப்பு ஒன்று எந்தப் பொதியும் இல்லாமல் அட்டவணையில் தங்கக்கூடிய இயல்பான காலம் 4,32,000 நொடிகள், அதாவது 5 நாட்கள். இரண்டு திரைகளுக்கும் 'அமர்வுகள்' என்றே பெயர் வைத்தால், தப்பான திரையைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை போய்விடும். ஒன்றை 'நடப்பு நடைகள்' என்றும் மற்றதை 'நடைக்குறிப்பேடு' என்றும் சொல்லிவிட்டால், எங்கே எது கிடைக்கும் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கும்.

நேரக் கட்டங்களையும் இப்போதே பிரித்துவிடுவது நல்லது. நடை திறந்த நேரம், தீச்சுவர் குறிப்பு எழுதிய நேரம், மேலாண்மை அமைப்புக்கு அது வந்து சேர்ந்த நேரம் என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் 'நேரம்' என்றே எழுதியிருக்கும் வரைவை நான் ஏற்கமாட்டேன். 'திறந்த நேரம்', 'எழுதிய நேரம்', 'சேர்ந்த நேரம்' போதும்.

தீராமல் நிற்பது ஒன்றுதான்: மேலே நான் 'காலாவதி' என்று எழுதிய அந்தக் காரணம். உரிமம் காலாவதி, கடவுச்சொல் காலாவதி, சான்றிதழ் காலாவதி என்று அதே மென்பொருளில் அந்தச் சொல் வேறு பொருளில் நிறைய வருகிறது. அவையெல்லாம் குறித்த நாள் வந்ததால் செல்லாமல் போவது. இதுவோ நெடுநேரம் பொதி எதுவும் வராததால் தீச்சுவர் தானாக மூடியது. ஒவ்வொரு பொதிக்கும் கடிகாரம் மறுபடி தொடங்கும் என்பதால் குறித்த நாள் என்ற பேச்சே இல்லை. 'அசைவின்றி மூடியது' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் சிறிய கட்டத்துக்கு அது நீளம். 'ஓய்வு மூடல்' என்று சுருக்கினால் பொருள் நிற்குமா, அல்லது இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருக்கிறதா?