வலி போய்விட்டது, ஸ்டீராய்டு மாத்திரையை நாளையிலிருந்து நிறுத்தலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 67 வயது. இரண்டு தோளிலும் இடுப்பிலும் வலி. காலையில் கையைத் தூக்கித் தலை சீவக்கூட முடியாது. பாலிமயால்ஜியா ருமாட்டிகா (தோள், இடுப்புப் பகுதிகளில் அழற்சியால் வலியும் இறுக்கமும் வரும் நோய்) என்று சொல்லி டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 15 மில்லிகிராம் கொடுத்தார். மூன்றாம் நாள் அம்மா தானே பின்னல் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது ஆறு வாரம் ஆகிறது. முகம் உப்பிவிட்டது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குகிறார். "வலிதான் போயிடுச்சே, நாளையிலிருந்து வேண்டாம்" என்கிறார். நிறுத்தலாமா?

பதில் 1:
தயவுசெய்து விடாதீர்கள். நான் இதே மாத்திரையை நாலு மாதம் சாப்பிட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தியவன். சில நாளில் வாந்தி, தலைசுற்றல். குளியலறைக் கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். ரத்த அழுத்தம் அவ்வளவு இறங்கியிருந்தது.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் நம் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற, உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டைச் சுரக்கிறது. மூன்று நாலு வாரத்துக்கு மேல் அதே வேலையை மாத்திரை செய்தால், சுரப்பி ஓய்ந்துவிடும். அது மறுபடி விழிக்க நாளாகும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகு எனக்கு மாதத்துக்கு 1 மில்லிகிராம்தான் குறைத்தார்கள். பொறுமை வேண்டும்.

சரி, அம்மா எத்தனை மணிக்குப் போடுகிறார்? வேறு மாத்திரை ஏதாவது?

கேள்வி கேட்டவர்:
ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. மூட்டு வலிக்கு இடையிடையே டைக்ளோஃபெனாக்கும் போடுகிறார்.

பதில் 2:
மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். தூக்கம் போனதற்கு ராத்திரி போடுவதே காரணமாக இருக்கலாம். உடம்பின் கார்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தமாக ஒரே வேளை போடுவதுதான் வழக்கம். எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், ஒரே நாளில் இரண்டு தடவை போட்டுவிட வேண்டாம்.

டைக்ளோஃபெனாக் விஷயத்தை இன்றே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம். மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்கவே கூடாது. சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது. காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பதில் 1:
இன்னொன்று. இந்த நோயோடு சிலருக்குத் தலையின் ரத்தக்குழாயிலும் அழற்சி வரும். புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கண் சம்பந்தப்பட்டது. அப்புறம், வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே நிற்காவிட்டாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
டைக்ளோஃபெனாக் அட்டையை அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன். நாளை டாக்டரைப் பார்க்கிறோம். "குறைக்கத்தான் போறாங்கம்மா, மெதுவா" என்று சொன்னதும் சம்மதித்துவிட்டார்.