கீழக்கரையில் பிரித்துப் போட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு: என்ன விலை சொல்லலாம்?

கீழக்கரை_65:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பெரிய வாப்பா பெயரில் உள்ள இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஆர்.சி. புக்கில் 1966. அவர் மவுத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்), வண்டியை விற்க வேண்டும். முழுக்கப் பிரித்த நிலை. இருப்பு இது:

சேஸ் (அடிச்சட்டம்) மரக்கட்டை மேல் நிற்கிறது. பின் அச்சும் டிஃபரன்ஷியலும் சேஸிலேயே உள்ளன. முன் டப், பின் டப் (பாடியின் முன், பின் பகுதிகள்), கூரை, பானட், இரண்டு கதவு, டிக்கி மூடி எல்லாம் தனித்தனியாக. இன்ஜின் பிரித்தது: பிளாக், ஹெட், கிராங்க், பிஸ்டன், கனெக்டிங் ராடு. கியர் பாக்ஸ் பிரிக்காதது. சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர், முன் கிரில், ஒரு ஹெட்லைட் வளையம், கண்ணாடி ரப்பர் எல்லாம் இல்லை. போல்ட் நட்டு மூன்று டப்பா, கலந்து கிடக்கிறது.

கடலிலிருந்து 400 மீட்டரில் ஓலைக் கொட்டகை. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். மதுரையிலிருந்து ஒருவர் இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மட்டும் போதும் என்கிறார். எந்தக் கணக்கில் விலை சொல்வது?

தொண்டிப் பட்டறை:
வஅலைக்கும் ஸலாம் பாய். மதுரைக்காரருக்கு இப்போதைக்குப் பதில் சொல்லாதீங்க. இன்ஜின் போனால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர் வண்டியில் இருக்காது. அதன்பின் மிச்சத்தை முழு வண்டி என்று விற்க முடியாது, தகரம்தான்.

விலை சேஸிலிருந்து தொடங்குகிறது. ஹெரால்டு பிரீமியர் பத்மினி கார் மாதிரி இல்லை. பத்மினிக்கு பாடியே சேஸ். ஹெரால்டுக்குத் தனி சேஸ், அதன்மேல் பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் உட்காரும். பாடி பிரிந்து கிடப்பதாலேயே வண்டி கெட்டுவிட்டது என்று ஆகாது. ஆனால் சேஸ் போய்விட்டால் மேலே என்ன இருந்தும் பிரயோசனம் இல்லை.

சோதனை: சின்னச் சுத்தியலால் முழு நீளமும் தட்டுங்க. நல்ல இரும்பு கணீரென்று பேசும், தின்றது பொத்தென்று பேசும். பொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்துங்க. நடுவே போகும் இரண்டு பெட்டிக் குழாயும், டிஃபரன்ஷியல் உட்காரும் இடமும் முக்கியம். பக்கவாட்டில் நீளும் கைகள் ஓட்டையானால் பரவாயில்லை, வெட்டிப் புதிதாக மடித்து வெல்டு வைக்கலாம். நடுக்குழாய் ஓட்டை என்றால் விலை பாதிக்குக் கீழே போகும். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்க. 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சேஸ் முறுக்கியிருக்கலாம், வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்க.

நம்ம கரையில் வெளிப் பெயின்ட்டை நம்பக்கூடாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் உப்பு பெட்டிக் குழாய்க்குள் போய் உட்காரும். துரு உள்ளிருந்து வெளியே வரும். விற்கும்வரை காப்பாற்ற வேண்டுமானால் உள்ளேயும் வெளியேயும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்க. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது உப்பு. குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் நாலு குடம் பிடித்து வையுங்க. வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, வடிகால் துளை வழியாக பழைய கியர் ஆயில் ஊற்றிச் சேஸைச் சாய்த்துச் சுழற்றுங்க. பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும், அதுவும் கெடுதல். இன்ஜின் பாகம் சாக்கில் இருந்தால் இன்றே வெளியே எடுங்க. சணல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பரமக்குடி லேத்:
இன்ஜின் பற்றி மட்டும் சொல்கிறேன். 948 சி.சி., போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 63 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் அளவெடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு ஆறு எண் எழுதிய சீட்டு கையில் இருந்தால் "இன்ஜின் நல்லாத்தான் இருக்கும்" என்ற பேச்சைவிட அதிகம் விலை பேசும்.

கிராங்க் ஜர்னலில் (பேரிங்கில் சுழலும் பகுதியில்) கோடு இருக்கிறதா என்று நகத்தால் உரசிப் பாருங்கள். நகம் மாட்டினால் கிரைண்டிங். அதைவிடப் பெரிய ஆபத்து, பின் மெயின் பேரிங்கில் உட்காரும் த்ரஸ்ட் வாஷர். அது தேய்ந்து விழுந்த வண்டிகளில் கிராங்க் முன்னும் பின்னும் போய் பிளாக்கையே தின்றிருக்கும். வாஷர் உட்காரும் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். படி விழுந்திருந்தால் அந்த பிளாக்குக்குப் பெரிய மதிப்பு இல்லை. கிராங்கின் சரியான முன்பின் ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ.

போல்ட் டப்பாவை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். இதில் பெரும்பாலும் யு.என்.எஃப். எனும் அங்குலக் கணக்கு மரை. 5/16 போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. கடையில் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மி.மீ., மரை இடைவெளி 1.25, அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 20. முதல் சுற்று ஏறும், பிறகு மரையைச் சிதைக்கும். யாராவது எம்8 போட்டுத் திருகியிருந்தால் ஒவ்வொரு துளைக்கும் மரை புதுப்பிக்க வேண்டும். அசல் போல்ட் முழுதாக இருப்பது வாங்குபவருக்குப் பல நாள் வேலையை மிச்சம் பண்ணும். அளவு வாரியாகப் பிரித்துப் பையில் போட்டு எழுதுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் வெர்ட்டிகல் லிங்க் அடியில், அது மரையில் திரும்பும் பித்தளை ட்ரனியன் இருக்கும். அதற்கு கிரீஸ் இல்லை, 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தே ஓட்டியிருந்தால் மரைக்குள் துரு பிடித்து ஒருநாள் ஒடியும், சக்கரம் மடங்கிவிடும். இரண்டு பக்கத்தையும் கழற்றி மரையைப் பாருங்கள். இடம், வலம் மாற்றிக் கோத்துவிடாதீர்கள்.

மெட்ராஸ் ஹெரால்டுக்காரன்:
கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுகிற, காகிதம் சுத்தமான ஹெரால்டு 4,00,000க்குப் போகிறது என்று வையுங்கள். சேஸ், டிங்கரிங் 90,000. பெயின்ட் 70,000. இன்ஜின் 45,000. பிரேக், சஸ்பென்ஷன் 25,000. வயரிங், சீட், ரப்பர், இல்லாத பாகங்கள் 40,000. டயர் 15,000. மொத்தம் 2,85,000. மிச்சம் 1,15,000. வாங்குபவர் பிரிந்த வண்டியில் என்ன குறை என்று தெரியாமல்தான் கை வைக்கிறார், அதற்கு வேலைச் செலவில் 15 சதவீதம், 42,750 கழியுங்கள். 72,250 வரும். 85,000 சொல்லி 70,000க்கு முடிக்கலாம். பெயின்ட்டுக்கு முன் பானட்டையும் கதவையும் ஒருமுறை மாட்டி இடைவெளி சரிபார்த்தாக வேண்டும், அந்தக் கூலியும் டிங்கரிங்கில் சேர்ந்ததுதான். அதை மறந்து கணக்குப் போடுகிறவர்கள் பிறகு வாங்கின விலைக்கே விற்க முடியாமல் நிற்கிறார்கள்.

எடைக்கு விற்பது அடிமட்ட விலை. முழு வண்டியே 800 கிலோ அளவுதான், உங்களிடம் அதைவிடக் குறைவு. உதிரியாக விற்றால் கூட்டுத்தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் நல்லது முதல் மாதத்திலேயே போய்விடும், பின் டப்பும் கூரையும் உங்கள் கொட்டகையிலேயே கிடக்கும். உதிரியாகவே விற்பதாக முடிவு செய்தால், வண்டி இனி ஓடாது என்று ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

உங்கள் வண்டிக்கு ஒரு நல்ல விஷயம், இரண்டு கதவு. 1968இல் வந்த நான்கு கதவு மார்க் 3 இந்தியாவுக்கு மட்டும் செய்தது, அதன் பின் கதவு எங்கும் கிடைக்காது. உங்களுடையதுக்கு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு பாகங்களில் நிறைய பொருந்தும். பின்னாளில் வந்த ஸ்டாண்டர்டு கஸெல் காருக்கும் இதே 948 இன்ஜின்தான். ஆனால் அதன் பின் அச்சு வேறு, அதைக் காட்டி யாராவது விலை பேசினால் ஏற்காதீர்கள்.

காகிதம்: வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், படிவம் 31 வைத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். பிறகுதான் வாங்குபவர் பெயருக்கு மாற்ற படிவம் 29, 30. பழைய புக் என்பதால் ராமநாதபுரம் அலுவலகத்தில் கணினிப் பதிவு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறாவிட்டால் அதை ஏற்றாமல் எதுவும் நகராது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் உண்டு, புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அதற்கு சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. ஆகவே சேஸை அசலாகவே வைத்திருங்கள்.

கீழக்கரை_65:
தட்டிப் பார்த்தாச்சு. நடுக்குழாய் இரண்டும் கணீர். இடப்புறக் கை இரண்டு ஓட்டை. குறுக்களவு வித்தியாசம் 2 மி.மீ. போர் மேலே 63.22, கீழே 63.05, நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட இதே. த்ரஸ்ட் முகம் சுத்தம். பிளாக்கில் உள்ள நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது.

பரமக்குடி லேத்:
0.5 மி.மீ. ஓவர்சைஸில் (துளையைப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டால்) சுத்தமாகிவிடும். பிஸ்டன் செட் கிடைத்த பிறகுதான் போர் போட வேண்டும் என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் இன்றே எண்ணெய் தடவி வையுங்கள்.

மெட்ராஸ் ஹெரால்டுக்காரன்:
அப்படியானால் உங்கள் கணக்கில் சேஸ் செலவையும் அந்த 15 சதவீதத்தையும் குறைத்துப் போடலாம். தார்ப்பாய் விரித்து எல்லாப் பாகத்தையும் பரப்பி ஒரே படம், சேஸ் அடிப்பக்கம் நாலு படம், நம்பர் தெரிய ஒரு படம், அளவுச் சீட்டு ஒன்று. இல்லாத பாகங்களின் பட்டியலை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். பெயர் மாற்றம் முடிந்த பிறகு விளம்பரம் போடுங்கள், அதற்கு முன் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.