நோபராவில் டாவின்சி ரிசால்வ்: எம்பி4 திறக்குமா, திறக்காதா?

அம்பை_ஆத்தங்கரை
"நோபரா போட்டுட்டா எல்லா கோடெக்கும் உள்ளயே இருக்கு, போன்ல எடுத்த எம்பி4-ஐ ரிசால்வ்ல இழுத்துப் போட்டா அப்படியே ஓடும்"னு பாளை_ரெண்டர் நேத்து எழுதியிருக்காரு. நோபராங்கது ஃபெடோராவை வச்சுச் செஞ்ச ஒரு லினக்ஸ், ரிசால்வ்ங்கது வீடியோ எடிட் பண்ணுத சாஃப்ட்வேர், கோடெக்னா வீடியோவைச் சுருக்கி விரிக்குத முறை. இதை நம்பி கல்யாண வீடியோ எடுக்குத பயலுவ விண்டோஸை அழிச்சிட்டு நிக்கப் போறானுவ. லினக்ஸுக்கான ரிசால்வ் இலவசப் பதிப்பு, போன் எம்பி4-க்குள்ள இருக்க ஹெச்.264, ஹெச்.265 கோடெக் ரெண்டையும் திறக்காது. நோபரா, ஃபெடோரா, உபுண்டு எதுல போட்டாலும் திறக்காது. "மீடியா ஆஃப்லைன்"னு செவப்பா நிக்கும், இல்லன்னா படமே இல்லாம கிளிப் மட்டும் கெடக்கும்.

பாளை_ரெண்டர்
அண்ணாச்சி, நோபராவைச் செஞ்சது யாருன்னு தெரியுமா? விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுத புரோட்டான்-ஜிஇ-யைச் செய்யுத குளோரியஸ் எக்ரோல். திரையைப் பதியுத ஓபிஎஸ், என்விடியா டிரைவர், விண்டோஸ் புரோகிராமை ஓட்டுத வைனுக்கு வேண்டிய சாமான், கோடெக் எல்லாம் சேத்துதான் குடுத்திருக்காரு. ஒமக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதாக்கும்? எம்பி4 திறக்குது. விஎல்சில திறக்குது, கேடென்லைவ் எடிட்டர்ல திறக்குது.

அம்பை_ஆத்தங்கரை
விஎல்சியை யாருவே கேட்டா? கேடென்லைவ் எஃப்எஃப்எம்பெக்ங்குத வீடியோ மாத்துத கருவியை வச்சு ஓடுது, அதனால சிஸ்டத்துல கோடெக் இருந்தா திறக்கும். ரிசால்வ் அந்தப் பக்கமே திரும்பாது. தன்னோட டீகோடரைத்தான் பாக்கும். நோபராக்காரர் எத்தனை கோடெக் சேத்தாலும் ரிசால்வுக்கு அது கண்ணுல படாது.

வழி இருக்கு, எழுதுதேன், படிச்சுக்கிடும்: எம்பி4-ஐ ரிசால்வ் திறக்குத டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் கோடெக்குக்கு மாத்தணும். எஃப்எஃப்எம்பெக்ல வீடியோ கோடெக் டிஎன்எக்ஸ்ஹெச்டி, ப்ரொஃபைல் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூ, பிக்சல் ஃபார்மட் ஒய்யூவி422பி, ஆடியோ பிசிஎம் 16 பிட், வெளிய வார ஃபைல் எம்ஓவி. ப்ரொஃபைலை விட்டுட்டா அது பழைய டிஎன்எக்ஸ்ஹெச்டின்னு எடுத்துக்கிட்டு, அளவு பொருந்தலைன்னு பிழை காட்டி நின்னுரும். போன் வீடியோவுக்கு பிரேம் வேகம் நெலையா இருக்காது. நிலையான 30-னு சேத்துக் குடுக்கலைன்னா நேரம் போகப் போக உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்னு போயிரும். போன்ல 10 பிட் ஹெச்டிஆர்ல எடுத்திருந்தா ஹெச்க்யூ பத்தாது, ஹெச்க்யூஎக்ஸ் போடணும்.

டவுன்_தேரடி
இதுக்கு நோபரா எதுக்கு? சுத்த ஃபெடோரா போடும், ஃபெடோரா தராத பேக்கேஜை வச்சிருக்க ஆர்பிஎம் ஃபியூஷன் ரெப்போ ரெண்டையும் சேத்துக்கிடும், எஃப்எஃப்எம்பெக்கை முழுப் பதிப்பா மாத்தும். ஏஎம்டி கார்டுன்னா மெசாவோட ஃப்ரீவேர்ல்ட் விஏ டிரைவரையும் போடும். 2022-ல காப்புரிமைக்குப் பயந்து ஹெச்.264 ஹார்ட்வேர் டீகோடை ஃபெடோரா எடுத்துட்டாங்க, அதைத் திருப்பிக் கொண்டு வாரது இதுதான். பத்து நிமிஷ வேலை.

பாளை_ரெண்டர்
வந்துட்டாரு ஃபெடோரா வாத்தியாரு. போன தடவையும் இதே பாட்டுதான். அந்தப் பத்து நிமிஷ வேலை வேண்டாம்னுதான் நோபரா போடுதோம். எம்பி4 திறக்குது, அவ்வளவுதான்.

டவுன்_தேரடி
போன தடவை நோபரா மேலயே ஆர்பிஎம் ஃபியூஷனைச் சேக்கச் சொன்னது நீருதானே? நோபராவுல அந்தப் பேக்கேஜ் அதோட சொந்த ரெப்போவுலயே இருக்கு. மேல ஒண்ணைச் சேத்தா ரெண்டும் மோதி அப்டேட் சிக்கிக்கிடும். அப்டேட்டும் நோபராவோட சொந்த அப்டேட்டர் வழியாத்தான் பண்ணணும், வெறும் டிஎன்எஃப் அப்கிரேடு குடுக்கப்படாது. இது தெரியாதவரு அடுத்தவனை வாத்தியாருங்காரு.

வள்ளியூர்_கேமர்
வலோரன்ட் ஓடுமா? அதை மட்டும் சொல்லுங்க.

அம்பை_ஆத்தங்கரை
ஓடாது தம்பி. அதோட ஏமாத்துத் தடுப்பு வேன்கார்டு, விண்டோஸ் கெர்னலுக்குள்ள உக்காருத டிரைவர். புரோட்டானால அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, ஜிஇ வந்தாலும் அதேதான். வேற ஏமாத்துத் தடுப்பான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் லினக்ஸ்ல ஓடும், ஆனா கேம் செஞ்சவன் அனுமதிக்கணும். அப்பெக்ஸ்காரன் 2024-ல கதவைச் சாத்திட்டான். கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 நேரடியாவே ஓடும்.

பாளை, பேச்சை மாத்தாதீரு. கேக்குத கேள்வி ஒண்ணுதான். ஒம்மகிட்ட இருக்கது இலவசப் பதிப்பா, காசு குடுத்த ஸ்டுடியோவா?

பாளை_ரெண்டர்
எதுவா இருந்தா ஒமக்கென்ன? ரிசால்வ்னா ரிசால்வ்தான்.

அம்பை_ஆத்தங்கரை
அங்கதான் விஷயமே இருக்கு. 295 டாலர் குடுத்த ஸ்டுடியோன்னா என்விடியா கார்டுல ஹெச்.264 திறக்கும். அதுலயும் 18-ம் பதிப்புல போன் வீடியோவுல இருக்க ஏஏசி சத்தம் வராது, படம் ஊமையா ஓடும். அதுக்கு வீடியோவைத் தொடாம காப்பி பண்ணி ஆடியோவை மட்டும் பிசிஎம்மா மாத்தினா போதும், நொடியில முடிஞ்சிரும். இலவசத்துக்கு அந்தச் சுளுவு கிடையாது, முழுசும் மாத்தியாகணும். ஃபுல் ஹெச்டி 30 பிரேமுக்கு டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூ நிமிஷத்துக்கு 1.6 ஜிபிக்குப் பக்கம் வரும். ஆனித் தேரோட்டத்தை ஒரு மணி நேரம் எடுத்தா கிட்டத்தட்ட 100 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டில என்ன செய்வீரு?

பாளை_ரெண்டர்
விண்டோஸ் டி டிரைவ்ல போடுவேன். நோபராவுல விண்டோஸோட என்டிஎஃப்எஸ் டிரைவ் தானாத் திறக்குது. ஸ்டீம் லைப்ரரியையும் அங்கேயே வைக்கலாம்.

டவுன்_தேரடி
அய்யய்யோ, இதையும் எழுதிட்டாரு. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா டிரைவ் முழுசா மூடாது. லினக்ஸ் அதைப் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. முதல்ல அதை அணைக்கணும். ஸ்டீமுக்கு இன்னொரு வினை இருக்கு: புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் வைக்குத காம்ப்பேட்டேட்டா ஃபோல்டர்ல முக்காப்புள்ளி வச்ச பேருல இணைப்பு உண்டாக்கும், அந்தப் பேரை விண்டோஸ் ஏத்துக்கிடாது. விண்டோஸ்ல டிஸ்க் சரிபார்ப்பு ஓடினா பிழைன்னு வரும், கேம் திறக்காமப் போகும். காம்ப்பேட்டேட்டாவையாவது லினக்ஸ் பார்ட்டிஷன்ல வச்சு அங்கேர்ந்து இணைப்புக் குடுக்கணும். கேமையே லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன்ல வச்சிட்டா இந்தத் தொல்லையே கிடையாது.

வள்ளியூர்_கேமர்
அப்போ ஜிடிஏ ஆன்லைன்?

அம்பை_ஆத்தங்கரை
அதுவும் 2024-லேர்ந்து கிடையாது. தனி ஆட்டம் மட்டும் ஓடும்.

ரிசால்வ் திறக்கவே மாட்டேங்குன்னு அடுத்து வருவீங்க, அதையும் சொல்லிருதேன். புது ஃபெடோரா வகையில ரிசால்வோட ஜிலிப் (GLib) லைப்ரரி சிஸ்டத்தோட மோதும், டெர்மினல்ல ஏதோ சிம்பல் கிடைக்கலைன்னு காட்டிட்டுச் சாஞ்சிரும். ஆப்ட் ஃபோல்டருக்குள்ள ரிசால்வ், அதுக்குள்ள லிப்ஸ். அதுல லிப்ஜிலிப் (libglib), லிப்ஜிஐஓ, லிப்ஜிமாட்யூல்னு தொடங்குத ஃபைலை எல்லாம் வேற ஃபோல்டருக்கு நகத்தணும். அழிக்கப்படாது, நகத்தணும். ஏஎம்டி கார்டுன்னா ராக்எம் ஓப்பன்சிஎல் டிரைவரும் வேணும், இல்லன்னா ஜிபியு இல்லைன்னுரும்.

ஓபிஎஸ்ல பதியும்போது எம்கேவில பதிங்க. சாதாரண எம்பி4-ல பதியும்போது கரண்டு போனா முழுப் பதிவும் போச்சு. எம்கேவின்னா போன வரைக்கும் மிஞ்சும்.

பாளை_ரெண்டர்
பாத்தீரா, இப்போ எம்பி4 வேண்டாம்னு ஓபிஎஸ் பக்கம் ஓடிட்டீரு. நோபராவை யாரு புகழ்ந்தாலும் ஒமக்குப் பொறுக்காது. கேடென்லைவ்ல சின்ன நகலை வச்சு வெட்டுத ப்ராக்ஸி போட்டா நாலு ஜிபி ரேம்லயே வெட்டி ஒட்டலாம், அதுக்கும் நோபராதான் காரணம்.

டவுன்_தேரடி
ப்ராக்ஸி கேடென்லைவோட வேலை. நோபராவுக்கும் அதுக்கும் என்னவே சம்பந்தம்?

அம்பை_ஆத்தங்கரை
நோபராவை நான் குறை சொல்லவே இல்லை. ரிசால்வ் இலவசப் பதிப்பு ஹெச்.264 திறக்காதுன்னுதான் சொன்னேன். நேத்து எழுதின பதிவைத் திருத்தும். புதுசா வார பயலுவ அதைத்தான் முதல்ல படிப்பானுவ.

பாளை_ரெண்டர்
திருத்த மாட்டேன். எம்பி4 திறக்குது.

அம்பை_ஆத்தங்கரை
எந்தப் பதிப்புல?