மறு: 'உளவழி உடல்நோய்' – மாற்றுச்சொல் வேண்டும்

ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலில் 'சைக்கோசோமாடிக்' நோய்க்கு, அதாவது மன நெருக்கடியால் உடலில் வரும் நோய்க்கு, நீங்கள் முன்வைத்த 'உளவழி உடல்நோய்' இலக்கணப்படி சரியான சொல்தான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. நோய் எங்கிருந்து வந்தது என்ற தீர்ப்பை, ஆய்வு தொடங்கும் முன்பே அது எழுதிவிடுகிறது.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் "உடம்பெல்லாம் காந்துது, நெஞ்சு படபடங்குது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி எதிலும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் கடன், கணவரின் குடி, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் முதுகு, புகையிலைத் தூசு. இதில் எது உளம், எது உடல்? சீட்டில் 'உளவழி' என்றிருந்தால் மாமியார் அதை 'எல்லாம் மனப்பிரமை' என்றுதான் படிப்பார். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை 1950களின் இறுதியிலேயே வந்துவிட்டது. நம் பக்கத்தில் மருத்துவர் சொல்லும் சொல் நோயாளியோடு நிற்பதில்லை.

உலக அளவிலும் இதே சிக்கல்தான். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு, உடல் அறிகுறிக் கோளாறுக்கு 'மருத்துவத்தால் விளக்க முடியாத அறிகுறி' என்ற நிபந்தனையையே கைவிட்டது. அறிகுறிக்குக் காரணம் கிடைத்ததா என்பதைவிட, அது ஒருவரின் எண்ணத்தையும் நேரத்தையும் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை 'பாடிலி டிஸ்ட்ரெஸ் டிஸார்டர்' (உடல் அவதிக் கோளாறு) என்கிறது. அந்தப் பெயரில் உளம் என்ற பேச்சே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: மெய்வருத்தம். நோயாகக் குறிக்கும் இடத்தில் மெய்வருத்தக் கோளாறு. வருத்தம் நமக்குத் துயரம். ஈழத்தில் அதுவே உடல்நோய். இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

இன்னொன்று. உங்கள் சொல் பின்மொழிபெயர்ப்பில் தேறிவிட்டது என்பதை நான் பெரிய சான்றாக எடுக்கமாட்டேன். தமிழில் ஆக்கியதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கினால் 'உளவழி உடல்நோய்' அச்சுப் பிசகாமல் திரும்பி வரும். படித்த இருவருக்குள் சொல் போய்வந்தது, அவ்வளவுதான். கள ஆய்வு வினாத்தாளின் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதுல என்ன கேக்குறாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று பதில் சொல்பவரிடமே கேட்பதுதான் உண்மையான சோதனை.

– காட்பாடியிலிருந்து

*

அம்மா,

குறளில் 'மெய்வருத்தக் கூலி' உடலுழைப்பைத்தானே சொல்கிறது (619)? குழப்பம் வராதா? உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமே.

*

ஐயா,

மெய்ப்பாட்டை நானும் யோசித்தேன். நகை, அழுகை, அச்சம் என எட்டும் பார்ப்பவருக்கு வெளியே தெரிபவை. இங்கே சிக்கலே வெளியே ஒன்றும் தெரியாததுதான். உழைப்பு என்ற பொருள் ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கவலையில்லை. பீடித் தட்டின் முன் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் நோயில் உழைப்புக்கும் பங்குண்டு.

ஆனால் களத்தில் கேட்கும் வினாத்தாளில் மெய்வருத்தமும் வேண்டாம். அது கட்டுரைக்கும் பாடநூலுக்கும். வினாத்தாளில் காந்தல், படபடப்பு, அசதி, கிறுகிறுப்பு என்றே இருக்கட்டும். கே.வி.குப்பத்தில் கேட்டாலும் ஆம்பூரில் கேட்டாலும் புரியும்.

மனத்துயரம் உடல் அறிகுறியாக வெளிப்படும் 'சோமடைசேஷன்' என்ற நிகழ்முறைக்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'மெய்ப்படுத்தல்' என்றால் நிரூபிப்பது என்றாகிவிடும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டுவைக்கிறேன்.