பள்ளி விற்கும் 26 சீட் வேன்: பெயர் மாற்றம் நிற்கிறது, செலவுக் கணக்கும் வேண்டும்

மஞ்சள்வண்டி:
வணக்கம். ஒரு பள்ளியிடம் 2018 மாடல் 26 சீட் டிராவலர் பேசி முடித்தாச்சு. என் பெயருக்கு மாற்றி, அதே பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் வாடகைக்கு விடத் திட்டம். பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம், பாரம் 29, 30 கொடுத்தும் ஆர்டிஓ ஆபீஸில் திருப்பிவிட்டார்கள். எங்கே இடிக்கிறது? பிள்ளைக்கு மாதம் எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும்?

பர்மிட்பக்கம்:
ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டியின் வகை என்ன போட்டிருக்கிறது, பாருங்க தம்பி. 'கல்வி நிறுவனப் பேருந்து' என்று இருந்தால் சிக்கல் அதுதான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(11) படி அது கல்வி நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்கணும். தனியாள் பெயருக்கு அந்த வகையில் வராது.

பள்ளி முதலில் பர்மிட்டை சரண்டர் செய்யட்டும். வரி பாக்கி நிற்கக் கூடாது. வண்டி மேல் லோன் பதிவு இருந்தால், அதை நீக்க பேங்க் கையெழுத்தோடு பாரம் 35. பிறகு ஒப்பந்த ஊர்தியாக வகை மாற்றமும் பெயர் மாற்றமும் கேளுங்க. வரி வித்தியாசம் கட்ட வேண்டி வரும். பர்மிட் உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை வண்டியை எடுக்காதீங்க. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 192ஏ-யில் 10,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க அது ஒன்றே போதும்.

இன்னொன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஒப்பந்த ஊர்தி என்றால் முழு வண்டிக்கும் ஒரே ஒப்பந்தம். பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வசூலித்தால் அது வேறு வகைப் பர்மிட் விவகாரம் ஆகிவிடும். பள்ளியோடு வண்டிக்கு மாத வாடகை என்று எழுதுங்க, இரண்டு பள்ளிக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி டிரிப். ப்ளஸ் டூ வரையுள்ள பள்ளிக்கு மாணவர் போக்குவரத்துச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் பில்லையும் பள்ளி பெயரிலேயே போடுங்க.

டீசல்கணக்கு:
செலவுக்கு வருகிறேன். தர்ட் பார்ட்டி (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான) இன்சூரன்ஸ் பிரீமியம், 2022 ஜூன் கட்டணப்படி வருஷத்துக்கு: பள்ளிப் பேருந்துக்கு 12,192 + சீட்டுக்கு 745. உங்கள் பெயருக்கு வந்ததும் 14,343 + சீட்டுக்கு 877. 26 சீட்டுக்கு 37,145, அதோடு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 43,800. சொந்தச் சேதத்துக்குத் தனி.

தினம் 80 கி.மீ., லிட்டருக்கு 9 என்று வைத்தால் மாதம் 22 நாளைக்கு டீசல் 18,200. டிரைவர் 20,000, உதவியாளர் 10,000, டயர்-சர்வீஸ்-எப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) ஒதுக்கீடு 7,000, தவணை 15,000 என்று போடுங்க. இங்கேதான் கணக்கு உதைக்கும்: வாடகை வருவது 10 மாதம். டிரைவர் சம்பளமும் தவணையும் ஒதுக்கீடும் 12 மாதம். டீசலும் உதவியாளரும் 10 மாதம். இன்சூரன்ஸும் சேர்த்தால் வருஷத்துக்கு சுமார் 8.3 லட்சம். உதவியாளருக்கு ஒரு சீட் போக 25 பிள்ளைகள். ஆக வாடகை வரும் 10 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் தலைக்கு 3,320, அதுவும் வரி, லாபம் இல்லாமல். 2,500-க்கு ஒத்துக்கொண்டால் மே மாதத்தில் கையைக் கடிக்கும். கூடுதலாக ஏற்றிச் சரிக்கட்ட நினைக்காதீங்க, அதிகப்படியான ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்பதைவிட, பிள்ளைகள் நின்றுகொண்டு வருவதுதான் ஆபத்து.

மஞ்சள்வண்டி:
ரொம்ப நன்றி அண்ணா. டிரைவரிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, போதுமா? எப்.சி.யில் எதைப் பார்ப்பார்கள்?

பர்மிட்பக்கம்:
மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்த்துவிட்டது. ஆனால் பள்ளி வண்டிக்கு ஓட்டிய அனுபவமும் வேண்டும்.

பட்டறைக்குரல்:
பணம் கொடுக்குமுன் ரப்பர் விரிப்பைத் தூக்கி, பின் சக்கர வளைவு ஓரமாகத் தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்க. தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது அங்கேதான். தகடு மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் நம்பாதீங்க, அந்தத் துண்டையே வெட்டி மாற்றணும். 2012-இல் சென்னை சேலையூரில் உள்ள ஒரு பள்ளியின் பேருந்துத் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதியே வந்தது.

அவசரக் கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரு கையால் திறக்கணும். தாழ்ப்பாளுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ். ஸ்பீடு கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) சீல் உடையாமல் இருக்கணும், தீயணைப்பான் தேதி தாண்டக் கூடாது. முன்பின் கேமரா, பின் சென்சார் 2022-க்குப் பிறகு கட்டாயம். ரிவர்ஸ் கியரில் படம் வராவிட்டால் முதலில் பின்கதவுக் கீலில் ஒயர் மடங்கி அறுந்திருக்கிறதா என்று பாருங்க, கேமராவை மாற்றுவது அப்புறம்.