தப்பா சுட்டா யார் பொறுப்பு?

குழு: ஆவடி சொந்தங்கள்

சித்தி: (வீடியோ) ஆளே இல்லாம ஓடுற டேங்க் நம்ம ஆவடியிலயே செஞ்சிருக்காங்களாம் பாருங்க 👏

கார்த்தி: அது முந்த்ரா சித்தி, சிவிஆர்டிஇன்னு ஆவடில இருக்குற ராணுவ வண்டி ஆராய்ச்சி நிலையம் பண்ணது, 2017லயே வந்துருச்சு. தானா எல்லாம் சுடாது, தூரத்துல ஒருத்தர் உக்காந்து ஓட்டுவாரு. வேவு பாக்க, கண்ணிவெடி தேட அந்த மாதிரிக்குதான்

பெரியப்பா: ஓட்ட ஆள் இருக்குற வரைக்கும் சரிப்பா. அதுவே யார் எதிரின்னு முடிவு பண்ணி தப்பா சுட்டா யார கோர்ட் மார்ஷல் பண்றது

கார்த்தி: மனுஷன் ஓகே சொன்னாதான் சுடும்னு வெச்சிட்டா போச்சு

பெரியப்பா: 2003 ஈராக் சண்டைல அமெரிக்காவோட பேட்ரியாட்னு வர்ற ஏவுகணைய வானத்துலயே அடிக்குற சிஸ்டம், பிரிட்டன்காரனோட டொர்னாடோ விமானத்த ஏவுகணைன்னு காட்டிருச்சு, உக்காந்திருந்தவங்களும் நம்பி சுட்டுட்டாங்க, உள்ள இருந்த ரெண்டு பேரும் போய்ட்டாங்க, அதுவும் கூட்டாளி நாட்டு விமானம். அங்கயும் மனுஷன் இருந்தான்ல. ஸ்க்ரீன் சொல்றத யோசிக்க நேரமே இல்லன்னா அந்த ஓகே வெறும் கைநாட்டு

நித்யா: கரெக்ட் பெரியப்பா. சட்டம் கேக்குறது தெரிஞ்சு பண்ணியான்னுதான். கமாண்டர் எனக்கு தெரியாதும்பாரு, கம்பெனி நீங்க டெஸ்ட் பண்ணிதானே வாங்குனீங்கம்பான், கோட் எழுதுனவன் டேட்டா என்னுது இல்லம்பான்

கார்த்தி: கோட் எழுதுறவன ஏன் இழுக்குற 😅 2018ல அமெரிக்க ராணுவத்துக்காக ட்ரோன் வீடியோவ அலசுற மேவன் ப்ராஜெக்ட் வேணாம்னு கூகுள்லயே 3000 பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, கம்பெனியும் அந்த ஒப்பந்தத்த புதுப்பிக்கல

அத்தை: எதிரிகிட்ட இருக்கும்போது நாம மட்டும் கைய கட்டிட்டு நிக்கணுமாக்கும்

நித்யா: எல்லா நாடும் அதேதான் அத்தை சொல்லுது. புது ஆயுதம் சட்டப்படி சரியான்னு வாங்குற நாடே முன்னாடியே பாக்கணும்னு போர் விதிகள் பத்தின 1977 ஜெனிவா நெறிமுறைல 36வது பிரிவு இருக்கு, நாம அதுல சேரல, அமெரிக்காவும் சேரல. 2023 டிசம்பர்ல ஐநா பொதுச்சபைல இந்த தானியங்கி ஆயுதம் பத்தி ஒரு தீர்மானம், 152 நாடு ஆதரவு, எதிர்த்தது 4தான், அதுல நாமளும் ரஷ்யாவும். இத்தனைக்கும் அது தடை கூட இல்ல, நாடுங்ககிட்ட கருத்து கேட்டு அறிக்கை குடுங்கன்னுதான்

அத்தை: அதுக்கு ஏன் வேணாம்னாங்க?

நித்யா: ஏற்கனவே ஜெனிவால பேச்சு நடக்குது, அங்கயே பேசிக்கலாம்னு. ஆனா அங்க ஒரு நாடு தலையாட்டலன்னாலும் ஒண்ணும் நகராது

பெரியப்பா: மெஷினே வேணாம்னு நான் சொல்லல, கண்ணிவெடி தேட அது போனா ஒரு பையனோட கால் தப்பிக்கும். ஆனா பட்டாளத்துல பயிற்சி ரேஞ்சுல சுட்டு முடிச்சா காலி தோட்டா கூடு ஒண்ணொண்ணா எண்ணி ஒப்படைக்கணும் எங்களுக்கு, ஒண்ணு குறைஞ்சா மொத்த பிளாட்டூனும் இருட்டுற வரைக்கும் புல்லுல தேடுவோம். ஒரு தோட்டாவுக்கே அவ்ளோ கணக்கு. சுட சொன்னவன் பேர், ரேங்க், நம்பர் எழுதி கையெழுத்து இருக்கணும், அவ்ளோதான்

கார்த்தி: மெஷின்ல லாக் இருக்கும் பெரியப்பா, எல்லாம் பதிவாகும்

நித்யா: கேட்டா ராணுவ ரகசியம்னு தர மாட்டாங்க டா

சித்தி: நித்யா இத சின்னதா எழுதி அனுப்புடி, அந்த வீடியோ வந்த குரூப்ல எல்லாரும் கைதட்டிட்டு இருக்காங்க

நித்யா: நைட்டு போடுறேன் சித்தி