உயர் வெற்றிடத்துக்கான வெப்பந்தாங்கும் இறப்பர் வளையங்கள்: பொருத்துமுன் சோதிப்பது எப்படி?

வினா: வெள்ளவத்தை வாசி

வணக்கம். கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் மென்படலப் பூச்சுக்கான வெற்றிட அறையைப் பராமரிப்பது என் பொறுப்பு. பம்பியை இயக்கியபடியே அறையை 150 பாகை செல்சியசு வரை சூடாக்கி, உட்சுவரில் ஒட்டிய ஈரத்தை வெளியேற்றுகிறோம். சூடாக இருக்கும்வரை பொசிவு எதுவும் தென்படுவதில்லை; ஆறிய பின்னர்தான் கதவைச் சுற்றி ஈலியம் உணர்கருவி பொசிவு காட்டுகிறது. கதவு வளையம் பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் விட்டன் (புளோரின் கலந்த செயற்கை இறப்பர்) என்று சொல்லி வாங்கப்பட்டது. விட்டன் 200 பாகை தாங்கும் என்றுதான் விவரப்பட்டியல்கள் கூறுகின்றன. அப்படியிருக்க 150 பாகையில் ஏன் இந்த நிலை? பெரிய கருவிகள் இல்லாமல், புதிய வளையங்களை இங்கேயே சோதித்துத் தெரிவுசெய்ய வழியுண்டா?

பதில்: நுண்மானி

பட்டியலிலுள்ள 200 பாகை, அந்த இறப்பர் காற்றில் நெடுங்காலம் கெடாமலிருக்கும் வெப்பநிலை. நசுக்கிப் பிடிக்கப்பட்ட நிலையில் அது எவ்வளவு காலம் திருப்பித் தள்ளும் என்பது வேறு விடயம். அதனால்தான் வெற்றிட வேலையில் விட்டனை 150 பாகைக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்று பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். தாங்கள் அந்த எல்லையிலேயே நிற்கிறீர்கள். சொல்லும் அறிகுறியும் நிலைத்த நசிவுக்கே, அதாவது நசுங்கிய இறப்பர் பழைய தடிப்புக்கு மீளாமற்போவதற்கே உரியது. உருக்கைவிட இறப்பர் ஏறத்தாழப் பத்து மடங்கு விரிவதால், சூட்டில் அது தவாளிப்பை நிறைத்து, மீள்தன்மை போய்விட்டதை மறைத்துவிடும். ஆறிச் சுருங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதலில் அது விட்டன்தானா என்று பாருங்கள். கபில நிறம் எதற்கும் சான்றல்ல. வளையத்தைக் காற்றில் ஒருமுறையும், நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி ஒருமுறையும் நிறுத்து, காற்றில் கண்ட பெறுமானத்தை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தால் வகுத்தால் சார்படர்த்தி கிடைக்கும். குமிழி ஒட்டியிருந்தால் விரலால் நீவி அகற்றுங்கள், இல்லையேல் விடை குறைந்துவரும். விட்டனுக்கு 1.8 அளவில் வரும். 1.2, 1.3 என்று வந்தால் அது நைத்திரைல் என்ற வேறுவகை இறப்பராக இருக்க வாய்ப்பு அதிகம். 100 பாகையைத் தாண்டினாலே அது இறுகத் தொடங்கிவிடும்.

அடுத்தது நிலைத்த நசிவை அளக்கும் ஏஎஸ்டிஎம் (அமெரிக்க நியம அமைப்பு) டி395 நியமத்தின் பி முறை. இரு தட்டையான உருக்குத் தகடுகளுக்கிடையே தடுப்புத் துண்டுகளை வைத்து, வளையத்துண்டை 25 சதவீதம் நசுக்கி, 150 பாகை ஓவனில் 70 மணித்தியாலம் விட்டு, எடுத்தவுடன் அவிழ்த்து, அரை மணித்தியாலத்தின் பின் தடிப்பை அளக்க வேண்டும். 3.53 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையம் 2.65 இற்கு நசுக்கப்பட்டு 3.31 இற்கே மீண்டால், நசுக்கிய 0.88 இல் 0.22 திரும்பவில்லை, நசிவு 25 சதவீதம். ஆனால் தங்கள் கதவு வளையம் நசுங்கியபடியேதான் ஆறுகிறது. ஆகவே இன்னொரு துண்டைத் தகடுகளுக்கிடையிலேயே முழுதாக ஆறவிட்டு அளந்து பாருங்கள். பெறுமானம் மோசமாகத்தான் வரும், என்றாலும் உண்மைக்கு நெருக்கமானது அதுவே.

பதில்: மருதானை மெக்கானிக்

சிலர் விட்டனா என்றறிய லைட்டரால் சுட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்; எரியும் விட்டன் ஐதரசன் புளோரைட்டை வெளிவிடும், அது நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. அசற்றோனில் துடைப்பதும் தவறு, விட்டன் அதில் ஊதிப்போகும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த, நூலுதிராத துணி போதும்.

பதில்: ஈரக்காற்று

நசிவுச் சோதனையில் தேறிய வளையமும் வாயு விடயத்தில் தவறலாம். சிறிய சோதனை அறையொன்றை முதலில் செப்பு அடைப்புடனும் பின்னர் வளையத்துடனும் மூடி, பம்பிப் பக்க வால்வை அடைத்துவிட்டு, அமுக்கம் ஏறுவதை நேரத்துக்கெதிராக வரையுங்கள். நேர்கோடாகவே ஏறினால் பொசிவு அல்லது ஊடுபரவல் (வாயு இறப்பரின் ஊடாகவே கடந்துவருவது). போகப்போக வளைந்து தணிந்தால் பெரும்பாலும் இறப்பர் விடும் நீராவி. ஏற்றவீதத்தை அறையின் கனவளவால் பெருக்கினால் வாயுச்சுமை கிடைக்கும்: 5 இலீற்றர் அறையில் 100 செக்கனில் 10⁻³ மில்லிபார் ஏறினால், செக்கனுக்கு 5 × 10⁻⁵ மில்லிபார் இலீற்றர். செப்புடன் கண்ட பெறுமானத்தைக் கழித்தால் மிஞ்சுவது வளையத்தின் பங்கு.

ஈலியம் தெளிக்கும்போது நேரத்தைக் கவனியுங்கள். உண்மையான பொசிவு சில செக்கன்களில் காட்டும், ஈலியத்தை நிறுத்தியதும் இறங்கும். விட்டனூடாக ஊடுபரவும் ஈலியமோ நிமிடங்கள் கழித்து மெல்ல ஏறி, நிறுத்திய பின்னரும் தங்கியிருக்கும். சிலிக்கோன் வளையத்தில் இந்தத் தாமதத்தை நம்ப முடியாது, அது சல்லடை மாதிரி.

நம்மூர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 பாகையில் 50 சதவீத ஈரப்பதனுள்ள ஆய்வுகூடத்தில் நீராவியின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 12 மில்லிபார். கொழும்பில் 30 பாகையும் 80 சதவீதமும் என்றால் 34. ஊடுபரவல் பகுதியமுக்கத்துக்கு விகிதசமம் என்பதால், வளையத்தைக் கடந்துவரும் நீராவி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். வளையங்களை நசுக்காமல், தளர்வாக வெற்றிட ஓவனில் 150 பாகையில் ஓரிரவு வைத்து, சிலிக்காசெல் இட்ட உலர்த்திக்குள் பாதுகாத்து, பொருத்தும் நாளில் மட்டும் வெளியே எடுங்கள். வளிச்சீராக்கியை (ஏசியை) நம்பி மேசையில் விட்டால் மறுபடியும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

வினா: வெள்ளவத்தை வாசி

மிக்க நன்றி. பேசாமல் கல்ரெஸ் (விட்டனைவிடக் கூடிய வெப்பம் தாங்கும் புளோரின் இறப்பர்) வளையம் வாங்கிவிடலாமா?

பதில்: நுண்மானி

அது 300 பாகைவரை தாங்கும், விலையோ விட்டனைவிடப் பல மடங்கு. ஈலியத்தை அதிகமாகவே ஊடுபரவ விடும், விரிவதும் கூடுதல் என்பதால் தவாளிப்பின் அளவையும் மீளப் பார்க்க வேண்டிவரும். வாங்குமுன் கதவு விளிம்பில் வெப்பவிணை (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை) ஒன்றை ஒட்டி அளந்து பாருங்கள். சூடாக்கும் பட்டி கதவுக்கு அருகில் சுற்றப்பட்டிருந்தால், அறை 150 இல் இருக்கும்போது விளிம்பு அதைத் தாண்டியிருக்கக்கூடும். பட்டியை நகர்த்தி விளிம்பை 120 இல் வைத்திருக்க முடிந்தால், அடர்த்தியிலும் நசிவிலும் தேறிய சாதாரண விட்டனே போதும்.